நாய் வயதும் ஏழாம் வாய்ப்பாடும்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், மன்னர்களுக்கு முடிசூட்டும் இடத்தின் தரையில், 1268ஆம் ஆண்டு பதித்த கல்வேலைப்பாடு ஒன்று இருக்கிறது. உலகம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று கண்டுபிடிக்க அதில் ஒரு விடுகதைக் கணக்கை எழுத்தாகப் பதித்திருந்தார்கள். வேலி மூன்று ஆண்டு நிற்கும். நாய் அதைப்போல் மூன்று மடங்கு, குதிரை நாயைப்போல் மூன்று மடங்கு, மனிதன் குதிரையைப்போல் மூன்று மடங்கு என்று பட்டியல் நீளும். நாய்க்கு 9, குதிரைக்கு 27, மனிதனுக்கு 81. அதாவது நாயின் ஓர் ஆண்டு நமக்கு ஒன்பது ஆண்டு.

இன்று அந்த ஒன்பதை நாம் ஏழாக்கிவிட்டோம், அவ்வளவுதான். “எங்க டைகருக்கு அஞ்சு வயசு, மனுஷக் கணக்குல முப்பத்தஞ்சு” என்று சொல்லாத நாய்ப் பிரியரைப் பார்ப்பது அரிது. மனிதனுக்கு எழுபது, நாய்க்குப் பத்து, வகுத்தால் ஏழு; இப்படி யாரோ போட்ட கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு வயதுப் பெண் நாய் குட்டி போட்டுவிடும். ஏழு வயதுச் சிறுமி இரண்டாம் வகுப்பில் இருப்பாள். முதல் ஆண்டிலேயே வாய்ப்பாடு உடைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், “நாய்” என்று ஒரே ஆயுள் கொண்ட ஒரு விலங்கு இல்லவே இல்லை என்பது. கன்றுக்குட்டி போலிருக்கும் கிரேட் டேன் ஏழு வயதில் கிழம். கைக்குள் அடங்கும் சிவாவா ஏழு வயதில், நடுவயதில் துள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே உயிரினம்தான், கடிகாரம்தான் வேறு. அதை அப்படி மாற்றி வைத்தது மனிதன். எப்படி என்று புரிய, இனங்கள் உருவான கதைக்குப் போக வேண்டும்.

பழைய நாய், புதிய இனம்

நாயின் மூதாதை ஓநாய். இன்று காட்டில் திரியும் சாம்பல் ஓநாய் அல்ல. அதற்கும் நாய்க்கும் பொதுவான, இப்போது அழிந்துபோன ஒரு பழைய ஓநாய்க் கூட்டம். அந்தப் பிரிவு எங்கே, எப்போது நடந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 14,000 ஆண்டுகளுக்கு முன்பே நாய் நம்முடன் இருந்தது என்பதில் சண்டை இல்லை.

அதற்கு நல்ல சாட்சி ஜெர்மனியில் கிடைத்தது. 1914இல் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு பழைய கல்லறையைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். சுமார் 14,000 ஆண்டுப் பழமை. சாகும்போது அந்த நாய்க்கு ஏழு மாதம்தான் இருக்கும். பிற்காலத்தில் அதன் பற்களை ஆராய்ந்தபோது, குட்டியாக இருக்கையில் அதற்கு டிஸ்டெம்பர் வந்திருந்தது தெரிந்தது. தடுப்பூசி போடாத குட்டிகளை இன்றும் கொல்லும் நோய் அது. யாரோ வாரக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்பது ஆய்வாளர்களின் முடிவு. வேட்டைக்குக்கூட உதவாத வயதில், நோயில் கிடந்த ஒரு குட்டி! நாய் ஏன் நம் வீட்டுக்குள் வந்தது என்பதற்குச் சொல்லப்படும் பல கோட்பாடுகளைவிட இந்த ஒரு பல் எனக்கு அதிகம் சொல்கிறது.

அப்புறம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், வேலைக்குத் தகுந்தபடி நாய்கள் வகை வகையாகப் பிரிந்தன. சைபீரியாவுக்கு வடக்கே ஷோகோவ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன்பே பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இருந்தன. பழைய எகிப்தின் கல்லறை ஓவியங்களில் ஒல்லி வயிறும் நீண்ட காலும் கொண்ட வேட்டை நாய்கள் ஓடுகின்றன. ஆட்டைக் காக்க ஒன்று, முயலைத் துரத்த ஒன்று, வாசலில் குரைக்க ஒன்று. இவை எல்லாம் வகைகள். நன்றாக ஓடும் நாயை நன்றாக ஓடும் நாயோடு சேர்த்தார்கள். அதன் நிறம் என்ன, காது மடங்கியிருக்கிறதா என்று யாரும் பதிவேடு வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் நாய் வந்து சேர்ந்தாலும் குடி முழுகிவிடாது.

இன்று நாம் “பிரீட்” என்று சொல்வது வேறு சமாசாரம். அது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிறந்தது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி ஒன்று நடந்தது. பாய்ண்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை நாய்களுக்கு மட்டும் போட்டி. ஜெயித்தவர்களுக்குப் பரிசு துப்பாக்கி. அங்கிருந்து கண்காட்சி மோகம் பரவியது. 1873இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் என்ற நாய் இனங்களுக்கான சங்கம் தொடங்கியது, அடுத்த ஆண்டே பரம்பரைப் பதிவேடு வந்தது. 1884இல் அமெரிக்க கென்னல் கிளப். ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை உயரம், இந்த நிறம், இப்படித்தான் வால் என்று விதி எழுதினார்கள். தாயும் தகப்பனும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டிக்கும் இடம். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

அதனால் “இந்த இனத்துக்கு எவ்வளவு வயது” என்று யாராவது கேட்டால், வகையின் வயதையா, பதிவேட்டின் வயதையா என்று திருப்பிக் கேட்க வேண்டும். முதலாவது ஆயிரக்கணக்கில் போகலாம். இரண்டாவது பெரும்பாலும் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டாது.

நமக்குப் பழக்கமான சில நாய்களையே பாருங்கள். கோல்டன் ரிட்ரீவர், ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு தம் பண்ணையில் 1868இல் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் ஒன்றையும் சேர்த்ததில் தொடங்கியது. லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு கடலில் இறங்கிய நாய்கள். பிரிட்டன் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது 1903இல். நம்மூரில் பலர் இன்னும் அல்சேஷன் என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நாள் நட்சத்திரமே குறிக்கலாம்: 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஹோராண்ட் என்ற நாயை வாங்கி, அதை முதல் எண்ணாகப் பதிவு செய்தார். டாபர்மேனோ அபோல்டா ஊரில் வரி வசூலித்த லூயி டோபர்மேன் உருவாக்கியது. வரி கேட்டுப் போகிறவருக்கு ஒரு மிரட்டும் நாய் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை. எந்தெந்த நாயைக் கலந்தார் என்று மனிதர் எழுதி வைக்காமல் போய்விட்டார். அதனால் அந்த விவாதம் இன்றுவரை ஓடுகிறது.

இன்னும் அண்மைக்கு வந்தால் லேப்ரடூடில். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் வேண்டியிருந்தது, ஆனால் கணவருக்கு நாய் முடி ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்த வாலி கான்ரன் 1989இல் லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு அந்தக் கலப்பைக் காசாக்கக் கண்டபடி குட்டி போட வைத்தவர்களைப் பார்த்து, ஏன்தான் செய்தோமோ என்று அவரே வருந்தினார்.

இனத்தின் பழமை பற்றி விற்பவர் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் கேட்க வேண்டும். ஃபாரோ ஹவுண்ட் என்ற நாயைப் பல காலம் எகிப்து மன்னர்கள் வளர்த்த நாய்களின் நேரடி வாரிசு என்றே எல்லோரும் நம்பினார்கள். ஓவியத்தில் இருப்பதுபோலவே நிமிர்ந்த காது, ஒல்லி உடம்பு. 2004இல் 85 இனங்களின் மரபணுவை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு, அது மிகப் பிற்காலத்தில் அந்தத் தோற்றத்துக்கு வார்த்தெடுத்த நாய் என்று காட்டியது. அதே ஆய்வில் ஓநாய்க்கு நெருக்கமாக நின்றவை பாசென்ஜி, அகிடா, ஷிபா, சைபீரியன் ஹஸ்கி, ஆஃப்கன் ஹவுண்ட் முதலியவை.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பற்றியும் பாளையக்காரர் காலத்துக் கதைகள் ஏராளம். இவை வகை என்ற அளவில் பழையவை. முயல் வேட்டையும் தோட்டக் காவலும் செதுக்கியவை. கண்காட்சி விதிக்குள் வந்தது ரொம்பப் பின்னால். ராஜபாளையம் 2005இல் அஞ்சல்தலையில்கூட இடம்பிடித்தது. ஆனால் தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, ஒரு சங்கடமும் கூடவே வந்தது. உள் காதின் செல்கள் வேலை செய்ய நிறமிச் செல்கள் வேண்டும். உடம்பை முழுக்க வெள்ளையாக்கும் மரபணு சில குட்டிகளைச் செவிடாகவும் ஆக்கிவிடுகிறது. குட்டி வாங்கப் போனால் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது அதனால்தான்.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு டால்மேஷன் இன்னும் தெளிவான உதாரணம். புள்ளி அழகாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில், யூரிக் அமிலத்தைச் சரியாக உடைக்காத ஒரு மரபணு தூய டால்மேஷன் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. பலன், சிறுநீர்ப்பையில் கல். 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஒருவர் ஒரே ஒரு பாய்ண்டர் நாயைச் சேர்த்து, சில தலைமுறையில் நல்ல மரபணுவைத் திரும்பக் கொண்டுவந்தார். பார்க்க டால்மேஷன்தான், கல் மட்டும் இல்லை. அதைப் பதிவேட்டில் சேர்க்க அமெரிக்க கென்னல் கிளப் 2011 வரை எடுத்துக்கொண்டது. கௌரவம் என்றால் சும்மாவா!

பெரிய நாய் ஏன் சீக்கிரம் போகிறது

விலங்குகளில் பொதுவாகப் பெரியது நீண்ட நாள் வாழும். சுண்டெலிக்கு இரண்டு மூன்று ஆண்டு, யானைக்கு அறுபது எழுபது. நாய்க்குள் மட்டும் இது தலைகீழ். சிவாவா பதினான்கு, பதினைந்து வயதைத் தொடுவது சாதாரணம். லேப்ரடாருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. கிரேட் டேன் எட்டு, பத்து என்றால் அதிர்ஷ்டம். ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டுக்கு அதைவிடக் குறைவு.

2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 74 இனங்களின் இறப்புப் பதிவுகளைப் பார்த்து ஒரு தோராயக் கணக்கைச் சொன்னது: உடல் எடை இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் சுமார் ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய் முதுமையைச் சீக்கிரம் தொடங்குகிறது என்பதை விட, தொடங்கிய பின் அது வேகமாக ஓடுகிறது என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான சேதி.

காரணம் முழுதாக அவிழவில்லை, ஆனால் விரல் நீட்டும் திசை தெரிகிறது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது ஒரு கிலோகூட இருக்காது. ஒன்றரை ஆண்டுக்குள் அறுபது கிலோவை எட்டுகிறது. அவ்வளவு வேகமாக வளர, செல்கள் ஓயாமல் பிரிய வேண்டும். பெரிய நாய்களிடம் புற்றுநோய் அதிகம் காணப்படுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோன் பெரிய நாய்களின் ரத்தத்தில் அதிகம். அதன் மரபணுவில் இருக்கும் ஒரு சிறு மாற்றம்தான் நாயைக் குட்டையாக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2007இல் தெரிந்தது. குட்டை நாய் மனிதன் உருவாக்கியது, ஆகவே அந்த மாற்றமும் புதிது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2022இல், சைபீரியாவில் 54,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓநாயின் டிஎன்ஏவிலேயே அது இருந்தது தெரியவந்தது. நாம் எதையும் படைக்கவில்லை. இருந்ததைப் பொறுக்கி எடுத்தோம்.

உருவம் மட்டுமே ஆயுளைத் தீர்மானிப்பதில்லை, முகமும் தீர்மானிக்கிறது. 2024இல் பிரிட்டனில் 155 தூய இனங்களையும் கலப்பு நாய்களையும் சேர்த்து 5,84,734 நாய்களின் பதிவுகளை அலசினார்கள். நடு ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டும் வயது, 12.5 ஆண்டு. நீண்ட மூக்குள்ள சிறிய பெண் நாய்களுக்கு 13.3. தட்டை முகமுள்ள நடுத்தர அளவு ஆண் நாய்களுக்கு 9.1. இனங்களில் முதலிடம் லங்காஷயர் ஹீலர், 15.4. கடைசி, காக்கேசியன் ஷெப்பர்ட், 5.4. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் வகையறாக்களுக்கு அந்த மூச்சுப்பாதையையே நாம் நசுக்கி வைத்திருக்கிறோம். ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் வந்த காலத்தில் ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். சித்திரை வெயிலில் அதை நடைக்கு இழுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சராசரி என்ற வலை

இனங்களின் ஆயுள் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபிரெஞ்சு புல்டாகை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் அதன் ஆயுள் 4.5 ஆண்டு என்றார்கள். மேலே சொன்ன 2024 ஆய்வில் அதே நாய்க்கு 9.8. இரண்டும் பிரிட்டன்தான், இரண்டும் ஒழுங்கான ஆய்வுதான். எது சரி?

முதல் ஆய்வு இறந்த நாய்களின் பதிவுகளை மட்டும் பார்த்தது. ஃபிரெஞ்சு புல்டாக் அண்மையில்தான் திடீரென்று மவுசு ஏறிய நாய். நாட்டிலுள்ள பெரும்பாலானவை இளசுகள். கிழ நாய்களே குறைவாக இருக்கும்போது, இறந்தவற்றின் பட்டியலிலும் இளசுகள்தான் அதிகம் இருக்கும். இரண்டாவது ஆய்வு உயிரோடிருப்பவற்றையும் கணக்கில் சேர்த்தது. அதற்காக 4.5 என்பது பொய் என்று ஆகிவிடாது. இவ்வளவு இளசுகள் சாகின்றன என்பதே கவலைப்பட வேண்டிய சேதி. ஆனால் உங்கள் வீட்டு நாய் நான்கு வயதில் போய்விடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

தெரு நாயிடமும் இதே வலை விரிந்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏழு மாதம் வரை தாக்குப்பிடித்தது ஐந்தில் ஒன்று கூட இல்லை. இறப்புகளில் பாதிக்கு மேல் வாகனம், விஷம், அடி, தூக்கிக்கொண்டு போவது என மனிதத் தலையீட்டால் நேர்ந்தவை. சராசரி போட்டால் தெரு நாயின் ஆயுள் மாதக்கணக்கில் நிற்கும். அதே நாய் தடுப்பூசியும் வேளாவேளைக்குச் சோறும் கிடைக்கும் வீட்டில் வளர்ந்தால் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு கண்ணெதிரே வாழ்கிறது.

கலப்பு நாய் எப்போதும் தூய இனத்தைவிட அதிகம் வாழும் என்ற பேச்சும் அப்படியே. பல ஆய்வுகள் ஆம் என்றன. 2024 ஆய்வில் தூய இனங்கள் 12.7, கலப்பு 12.0 என்று வந்தது. எந்த இனத்தோடு எந்த இனம் என்று பார்க்காமல் மொத்தமாக “கலப்பு” என்று ஒரே சாக்கில் போட்டால் பதில் இப்படித்தான் ஆடும்.

இவை எதையும் நீங்கள் மாற்ற முடியாது. ஒன்றை மட்டும் முடியும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை, ஒரே ஈற்றுக் குட்டிகளாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்குச் சாதாரணமாகவும் மற்றதற்குக் கால் பங்கு குறைவாகவும் வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒல்லியாக இருந்தவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தள்ளித்தான் வந்தது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் அந்தக் கண்களுக்கு மசியாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் கணக்கு இது.

சரி, என் நாய்க்கு மனித வயது என்ன?

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: முதல் ஆண்டு நமக்குப் பதினைந்துக்குச் சமம். இரண்டாம் ஆண்டில் ஒன்பது சேரும், ஆக இருபத்துநான்கு. அதன்பின் ஆண்டுக்கு நான்கைந்து. பெரிய நாய் என்றால் இன்னும் கூடுதல். இதன்படி பத்து வயதில் சிறிய நாய்க்கு 56, நடுத்தரத்துக்கு 60, பெரியதற்கு 66 என்று வரும்.

இன்னொரு கணக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. வயது ஏற ஏற டிஎன்ஏவின் மீது மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் படிகின்றன, சில இடங்களில் உதிர்கின்றன. கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஒரு குழு 104 லேப்ரடார்களின் குறிகளை மனிதர்களின் குறிகளோடு ஒப்பிட்டு, 2020இல் ஒரு சூத்திரம் வெளியிட்டது. நாயின் வயதுக்கு இயல்மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும். ஒரு வயது நாய்க்கு 31, நான்கு வயதுக்கு 53, பன்னிரண்டுக்கு 71 வருகிறது. தொடக்கத்தில் பாய்ந்து, பிறகு மெல்ல நகரும் கோடு. செருப்பைக் கடித்துக் குதறும் ஒரு வயது லேப்ரடாருக்கு 31 வயதுப் பக்குவம் என்றால் வளர்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சூத்திரம் பேசுவது செல்லின் வயதை, குணத்தை அல்ல. அதுவும் ஒரே ஓர் இனத்தை வைத்துப் போட்டது.

என்னைக் கேட்டால் மனித வயதுக்கு மாற்றும் வேலையே வேண்டாம். அந்த இனத்துக்கு எதிர்பார்க்கும் ஆயுளில் கடைசிக் கால் பங்கை எட்டினால் நாய் முதியது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகளின் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. அது போதும். கிரேட் டேனுக்கு ஆறு, ஆறரை வயதில் முதுமை தொடங்கிவிடும்; பொமேரியனுக்குப் பத்தைத் தாண்டிய பிறகுதான். ஆண்டுக்கு ஒருமுறை செய்த ரத்தப் பரிசோதனையை இரண்டாக்குவது எப்போது, மாடிப்படி ஏறத் தயங்கினால் கவனிப்பது எப்போது என்பதெல்லாம் இதிலிருந்தே வரும்.

பிறந்த தேதி தெரிந்தால்தானே இந்தக் கணக்கெல்லாம் என்பீர்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டியின் வயதைப் பல்தான் சொல்லும். பால்பல் 28, மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும். நான்காம் மாதம் வாக்கில் முன்பற்கள் விழுந்து புதியவை வரும், ஆறாம் மாதத்தில் கோரைப்பல். ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். அதுவரை மருத்துவர் கிட்டத்தட்ட வாரக் கணக்கில் சொல்லிவிடுவார். அதற்கு மேல் தேய்மானமும் காறையும்தான் துப்பு. கல்லைக் கடிக்கும் நாய்க்கு இரண்டு வயதிலேயே பல் தேய்ந்திருக்கும், அதனால் “மூன்றிலிருந்து ஐந்துக்குள்” என்பதே நேர்மையான பதில். ஆறேழு வயதுக்குப் பின் கண்மணியில் மெல்லிய நீலப் புகை தெரியும். அது வில்லை கெட்டிப்படுவது, எல்லா நேரமும் கண்புரை அல்ல. பயந்துவிட வேண்டாம்.

வயதை நிரூபிப்பதில் கின்னஸே ஒருமுறை சறுக்கியது. 2023 பிப்ரவரியில் போர்ச்சுகலின் பாபி என்ற நாயை, 1992இல் பிறந்தது என்று சொன்னதை ஏற்று, உலகிலேயே அதிக வயது வாழ்ந்த நாய் என்று அறிவித்தார்கள். அதே அக்டோபரில் 31 வயது என்று சொல்லி அது இறந்தது. கால்நடை மருத்துவர்கள் பலருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பாபி, ரஃபெய்ரோ தோ அலென்டெஜோ என்ற ஆட்டுக்காவல் இனம். உருவத்தில் பெரியது, வழக்கமான ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு. விசாரித்தபோது மைக்ரோசிப் பதிவைத் தவிர உருப்படியான சான்று இல்லை. 2008க்கு முன் பிறந்த நாய்களுக்குப் போர்ச்சுகலில் பதிவின்போது வயதுக்கு ஆதாரம் கேட்டதில்லை. உரிமையாளர் சொன்னதுதான் பதிவு. 2024 பிப்ரவரியில் கின்னஸ் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன் பல பத்தாண்டு அந்தச் சாதனையை வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் புளூயி. 1939இல் இறந்தபோது அதற்கு 29 ஆண்டு 5 மாதம் என்று கணக்கு. அது மாடு மேய்க்கும் நடுத்தர அளவு நாய்.